முதலில் கண்ணில் பட்டது

5

"குடிக்கத் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டான் கொழுந்தன்.

"விசிட்டர்ஸுக்கு இல்ல" என்றாள் வரவேற்பு மேஜைப் பெண். அதோடு விடாமல், தன் பாட்டிலை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. பாட்டிலோட ஓடிப்போற குடும்பம் இல்ல நாங்க."

அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற அண்ணியும் சிரிக்கவில்லை. அங்கே இருந்த ஒரே நாற்காலியை, இவர்கள் படியேறி வருவதைப் பார்த்ததும் செக்யூரிட்டி உள்ளே இழுத்துக்கொண்டு போயிருந்தார். யாரும் தங்களை இங்கே விரும்பவில்லை என்பதைப் புரிந்துகொள்ளத் துப்பறிவாளர் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டான்.

துப்பறிவது அண்ணியின் தொழில். கொழுந்தன் அவள் கணவனின் தம்பி. மூன்று வேலைகளை விட்டவன் என்று அவன் சொல்வான். மூன்று வேலைகளும் இவனை விட்டுவிட்டன என்று அண்ணி சொல்வாள். நாலாவதாக அவளுக்கு உதவியாளனாக ஒட்டிக்கொண்டிருந்தான்.

அந்தக் கம்பெனி லிஃப்ட்டுகளுக்கு மூளை செய்துகொடுக்கிறது. எந்த மாடியில் நிற்க வேண்டும், எப்போது கதவைத் திறக்க வேண்டும் என்று லிஃப்ட்டுக்குச் சொல்லும் புரோகிராம். போன வாரம் ஒரு குடியிருப்பில் லிஃப்ட் கதவு ஒரு மெக்கானிக்கின் கையைக் கவ்விக்கொண்டது. மூன்று விரல்கள் போய்விட்டன. கதவுக்கு புரோகிராம் எழுதியவள் இங்கே வேலை பார்க்கும் ஓர் இளம்பெண். இங்கே ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலைதான் பெயர். ஒருவன் மோட்டார், ஒருவன் பட்டன். அவள் கதவு. பழியும் கதவின் தலையில்தான் விழுந்திருந்தது. சாயங்காலம் அரசாங்க லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வருகிறார். அவரிடம் கம்பெனி அவளைக் கைகாட்டும். அதன்பிறகு வேலை போவது சின்ன விஷயம். போலீஸ் வரும், கேஸ் வரும், ஜெயிலும் வரலாம். அவள்தான் அண்ணியைக் கூப்பிட்டிருந்தாள்.

எம்.டி. வெளியே வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கலைந்துபோன முகம்.

"இன்ஸ்பெக்டர் சொன்னாரேன்னு உள்ள விடறேன். அவர் வர்ற வரைக்கும்தான். எதையும் தொடக்கூடாது, யாரையும் மிரட்டக்கூடாது."

"மிரட்டறது எங்க அண்ணிக்குப் பழக்கமே இல்ல சார்" என்றான் கொழுந்தன். "சும்மா பார்ப்பாங்க. அதுவே போதும்."

"இந்த ஆள் எதுக்கு?"

"என்னைவிட முட்டாள்தனமான கேள்வி கேக்கறதுக்கு" என்றாள் அண்ணி. "நான் கேட்டா கௌரவக் குறைச்சல் பாருங்க."

கதவுக்காரியின் மேஜை கழிப்பறைக் கதவை ஒட்டி இருந்தது. நேற்றுவரை ஜன்னலோரம் இருந்ததாம். வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்கூட நிமிரவில்லை. ஆனால் இவர்கள் கடந்துபோனதும் முதுகில் எத்தனை பார்வைகள் குத்தின என்பது கொழுந்தனுக்குத் தெரிந்தது.

அவள் அழுது முடித்து, கோபத்துக்கு வந்திருந்தாள்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தோம்" என்றான் கொழுந்தன்.

"விஷயத்துக்கு வாம்மா" என்றாள் அண்ணி. "உன்மேல என்ன சொல்றாங்க? எனக்குப் புரியற மாதிரி."

கதவுக்காரி மூச்சை இழுத்துவிட்டாள். "நாங்க எழுதறதை லிஃப்ட் நேரடியாப் படிக்காது. நடுவுல கம்பைலர்னு ஒரு கருவி இருக்கு. நாம எழுதினதை மெஷின் பாஷைக்கு மாத்தித் தரும். அதுல பழசு ஒண்ணு இருக்கு, புதுசு ஒண்ணு இருக்கு. கதவு மூட ஆரம்பிச்ச பிறகும், குறுக்க யார் கையாவது வருதான்னு திரும்பத் திரும்பப் பாருன்னு நான் எழுதியிருந்தேன். பழைய கம்பைலர்ல ஒரு கோளாறு. 'அதான் ஒரு தடவை பார்த்தாச்சே, இன்னொரு தடவை எதுக்கு?'ன்னு அதுவா முடிவு பண்ணி மீதியை வெட்டி எறிஞ்சிடும்."

"எங்க அண்ணன் மாதிரி" என்றான் கொழுந்தன். "சாவியைத் தேடும்போது."

"அதனாலதான் அந்தப் பழசை யாரும் தொடக்கூடாதுன்னு உத்தரவு. விபத்து நடந்த லிஃப்ட்டுல இருக்கறது பழைய கம்பைலர்ல செஞ்சது. அதைச் செஞ்சது என் மெஷின். ஆக, உத்தரவை மீறிப் பழசை எடுத்தது நான்தானாம்."

"எடுத்தியா?"

"இல்ல!" அவள் போட்ட சத்தத்தில் இரண்டு தலைகள் திரும்பி, மறுபடி குனிந்துகொண்டன. "எந்தக் கருவியை எடுக்கறதுன்னு நான் சொல்றதே இல்ல. யாருமே சொல்றது இல்ல. அதுக்கு ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு. நாங்க ஒரு வரி அடிப்போம். அதுவே மெஷினுக்குள்ள போய்க் கம்பைலர் எங்க இருக்குன்னு தேடி, கண்டுபிடிச்சு, வேலையை ஆரம்பிச்சிடும்."

"செஞ்சு காட்டு."

அவள் ஒரு வரி அடித்தாள். திரையில் 'தேடுகிறது' என்று ஒரு வரி வந்து நின்றது. பக்கத்தில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே போயின. கொழுந்தன் கொட்டாவி விட்டு முடிக்கும்போதுதான் 'கிடைத்தது' என்று அடுத்த வரி வந்தது. கிடைத்த இடம் பழைய கம்பைலர் இருக்கும் போல்டர்.

கதவுக்காரி திரையையே பார்த்தாள். "இதையேதான் எல்லாரும் காட்டி என்னைத் திட்டறாங்க. அது எப்படி என் மெஷினுக்குள்ள வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

"அந்த ஸ்கிரிப்ட்டைத் திறந்து பார்த்தியா?"

"எங்க டீம் லீட் எழுதினது. மேலயே 'தொடாதே'ன்னு எழுதி வச்சிருக்கார். போன வருஷம் மோட்டார் ஒரு வரி மாத்தினதுக்கு எல்லார் முன்னாடியும் நிக்க வச்சுக் கத்தினார். அதுக்கப்புறம் யாரும் எட்டிக்கூடப் பாக்கறதில்ல."

"இப்ப பாரு."

அவள் திறந்தாள். படிக்கப் படிக்க அவள் புருவம் மேலே போனது. "பழசா புதுசான்னு இது பார்க்கவே இல்ல. போல்டர் போல்டராப் போகுது. முதல்ல எது கண்ணுல படுதோ, அதை எடுத்துக்கிட்டுத் தேடறதை நிறுத்திடுது."

"ஸ்டாண்டுல முதல்ல கண்ணுல பட்ட பஸ்ஸுல ஏறிட்டு, அப்புறம் எந்த ஊர் போகுதுன்னு கேக்கற ஆள்" என்றான் கொழுந்தன்.

"நான் உங்க அண்ணனைக் கட்டிக்கிட்டதும் அப்படித்தான்" என்றாள் அண்ணி. "வா தம்பி. பழசை அங்க வச்ச ஆளைப் பிடிப்போம்."

மெஷின்களைப் பராமரிப்பவர் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் இருந்தார். இடுப்பில் தொங்கியதை வைத்து அவருக்குச் சாவிக்கொத்து என்று பெயர். உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மரியாதைக்காக இல்லை, வாசலை அடைப்பதற்காக.

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

"நாங்க இன்னும் ஒண்ணும் கேக்கலையே" என்றான் கொழுந்தன்.

"கேட்டாலும் தெரியாது."

அண்ணி குரலை உயர்த்தவில்லை. "அந்தப் பொண்ணு மெஷினுக்குள்ள பழைய கம்பைலரை வச்சது நீங்கதான்."

"யார் சொன்னது?"

"வேற யாருக்கும் அந்த உரிமை இல்லைன்னு வெளியில போர்டுல நீங்களே எழுதி ஒட்டியிருக்கீங்க. அவளைப் பிடிக்காதவங்க யாரோ உங்ககிட்ட சொல்லி அவ மெஷின்ல மட்டும் வைக்கச் சொல்லியிருக்காங்க. யார்?"

சாவிக்கொத்தின் காது சிவந்தது. "அவ மெஷின்ல மட்டுமா? என்னங்க பேசறீங்க! ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சமைச்சுப் போட எனக்கென்ன பத்து கையா? ஒரே ஒரு அச்சு வச்சிருக்கேன். புது மெஷின் வந்தா அதை அப்படியே நகல் எடுத்து ஏத்திடுவேன். புதுக் கம்பைலர் வந்தப்ப அதையும் அச்சுல சேர்த்தேன். பழசை எடுன்னு யாரும் சொல்லல. அது முன்னாடி இருந்த இடத்துலயே இருக்கு."

"அப்படின்னா..."

"எல்லா மெஷின்லயும் ரெண்டும் இருக்கு. எம்.டி. மெஷின்லகூட இருக்கு. போய்ப் பாருங்க. இப்ப கிளம்புங்க, கதவைச் சாத்தணும்."

வெளியே வந்ததும் கொழுந்தன் கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டான். "அண்ணி, நம்ம வில்லன் காணாமப் போயிட்டான். யாரும் சதி பண்ணல. எல்லா மெஷின்லயும் பழசு இருக்கு, ஸ்கிரிப்ட் முதல்ல அதைத்தான் பார்க்கும். கேஸ் முடிஞ்சுது. சாப்பிடப் போலாமா?"

அண்ணி நடந்துகொண்டே இருந்தாள். அவள் முகத்தில் வெற்றி இல்லை. அதைப் பார்த்ததும் அவனுக்கும் பசி அடங்கிவிட்டது.

டீம் லீட் இவர்களுக்காகக் காத்திருந்தார். ஜன்னலோரம் பெரிய மேஜை, இரண்டு திரைகள். பின்னால் எம்.டி. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கதவுக்காரியையும் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள். சாவிக்கொத்து அதற்குள் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும்.

"கேள்விப்பட்டேன்" என்றார் லீட். "என் ஸ்கிரிப்ட்டுதான் குற்றவாளியாமே?"

"எல்லா மெஷின்லயும் பழசு இருக்கு. ஸ்கிரிப்ட் முதல்ல கிடைச்சதை எடுக்குது" என்றாள் அண்ணி.

"அப்ப என் மெஷின்லயும் பழசைத்தானே எடுக்கணும்? பாருங்க." ஒரு வரி அடித்தார். திரையில் உடனே வேலை ஓட ஆரம்பித்தது. கம்பைலர் இருக்கும் இடம் என்று முதல் வரியில் வந்தது புதியதன் போல்டர். "என் மெஷின்ல சரியா ஓடுது. அதே அச்சு, அதே ஸ்கிரிப்ட். ஆக, கதவு, நீ கையால மாத்திப் பழசை எடுத்திருக்கே. பழசுல சீக்கிரம் வேலை முடியும், வீட்டுக்கு ஓடலாம்னு. மாட்டிக்கிட்டதும் என் தலையில கட்டப் பார்க்கறே. கூட்டிட்டு வந்த ஆளுங்களைப் பாரு, கோமாளிக் கூட்டம்."

"கூட்டம் இல்ல சார், ஒரு கோமாளிதான்" என்றான் கொழுந்தன். "அண்ணி வேற டிபார்ட்மென்ட்."

எம்.டி. கடிகாரத்தைப் பார்த்தார். "போதும்மா. இன்ஸ்பெக்டர் வர்ற நேரம். நீங்க கிளம்பலாம்."

அண்ணி கிளம்பவில்லை. திரையைப் பார்த்தபடி, "தம்பி, அந்தப் பொண்ணு மேஜையில நீ எப்ப கொட்டாவி விட்டே?" என்று கேட்டாள்.

"ஸ்கிரிப்ட் தேடிக்கிட்டு இருந்தப்ப. புள்ளி வச்சுக்கிட்டே போச்சே."

"இங்க ஏன் விடல?"

அவன் யோசித்தான். திரையைப் பார்த்தான். பிறகு லீட்டைப் பார்த்தான். "நேரமே இல்லையே அண்ணி. இது தேடவே இல்ல. நேரா எடுத்துக்கிச்சு."

லீட்டின் கை மவுஸிலிருந்து விலகியது.

"சார்" என்று எம்.டி. பக்கம் திரும்பினாள் அண்ணி. "இவர் மெஷின்ல சரியா ஓடுதுன்னு நீங்களே பார்த்தீங்க. அதே மெஷின்ல, அதே ஸ்கிரிப்ட்டை, புதுசா ஒரு ஆள் பேர்ல ஓட்டிப் பார்க்கலாம். கம்ப்யூட்டரைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாத ஆள் பேர்ல."

"ரொம்ப நன்றி அண்ணி."

"என் மெஷினை யாரும் தொடக்கூடாது!" லீட் எழுந்துவிட்டார்.

"ஏன்?" என்றார் எம்.டி. அது வரைக்கும் அவர் குரலில் இல்லாத ஒன்று அப்போது வந்தது. "சரியாத்தானே ஓடுது?"

சாவிக்கொத்தை வரவழைத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே கொழுந்தன் பேரில் ஒரு கணக்குத் திறந்து கொடுத்தார். கொழுந்தன் உட்கார்ந்து, கதவுக்காரி சொல்லச் சொல்ல, இரண்டு விரலால் அந்த ஒரு வரியை அடித்தான்.

'தேடுகிறது.' ஒரு புள்ளி. இன்னொன்று. 'கிடைத்தது.'

பழைய போல்டர்.

"அதே மெஷின், அதே ஸ்கிரிப்ட்" என்றாள் அண்ணி. "ஆள் மட்டும் வேற. கருவி எங்க இருக்குன்னு யாராவது முன்னாடியே கையால எழுதி வச்சா, ஸ்கிரிப்ட் தேடாது. அவங்க சொன்ன இடத்துக்கே போயிடும். இவர் தன் கணக்குல மட்டும் அப்படி எழுதி வச்சிருக்கார். ஆபீஸ் பூராவும் இவர் எழுதின தேடலை நம்பி வேலை செய்யுது. அதை நம்பாத ஒரே ஆள் இவர்தான்."

லீட் உட்கார்ந்தார். ஆனால் உடைந்துவிடவில்லை. ஒரு சிரிப்புக்கூட வந்தது. "சரி, எழுதினேன். விபத்துக்கு அப்புறம் சந்தேகம் வந்து எழுதினேன். அது குத்தமா?"

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். எப்போது எழுதினார் என்பதற்கு அவர்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. இது அவனுக்குத் தெரியும், லீட்டுக்கும் தெரிந்திருந்தது.

அண்ணி பரிதாபமாகத் தலையை ஆட்டினாள். "குத்தம் இல்லைங்க. பாவம். இவ்வளவு பெரிய தப்பு நம்ம ஸ்கிரிப்ட்டுல இருக்குன்னு ஒரு மெக்கானிக் கை போனப்பறம்தான் உங்களுக்கே புரிஞ்சிருக்கு. அதுக்கப்புறமும் சரியாத் திருத்தத் தெரியல, கையால எழுதி ஒப்பேத்தியிருக்கீங்க. வயசாகுது இல்ல? இந்தப் பொண்ணு இன்னிக்குத்தான் ஸ்கிரிப்ட்டைத் திறந்தா. படிச்ச வேகத்துலயே கண்டுபிடிச்சுட்டா."

"யாரு, இவளா?" லீட்டின் கழுத்து நரம்பு புடைத்தது. "நான் திறமை இல்லாதவனா? அது பழசைத்தான் எடுக்குதுன்னு போன மழைக்காலத்துலயே கண்டுபிடிச்சவன்யா நான்! இந்த ஆபீஸ்ல வேற எவனுக்குத் தெரிஞ்சுது? ஒரே ராத்திரில கண்டுபிடிச்சு, என் மெஷின்ல சரி பண்ணி..."

அங்கேதான் நிறுத்தினார். வாய் மட்டும் திறந்தபடி இருந்தது.

பட்டனும் மோட்டாரும் அவரவர் இடத்திலிருந்து எழுந்து நின்றிருந்தார்கள்.

"போன மழைக்காலம்" என்றாள் கதவுக்காரி மெதுவாக. "தெரிஞ்சும் எங்களுக்குச் சொல்லல."

"சொன்னா?" லீட் சீறினார். "ஸ்கிரிப்ட்டை மாத்தினா எல்லாத்தையும் முதல்ல இருந்து டெஸ்ட் பண்ணணும். ஏற்கெனவே போனதையெல்லாம் திரும்ப வாங்கணும். கம்பெனி தாங்குமா? கதவு ஓரத்துல ரப்பர் ஸ்விட்ச் இருக்கு, கை பட்டா அது கதவைத் திறந்துடும். அது போதும்னு நெனச்சேன்."

"ரப்பர் தேயும் சார். அந்த லிஃப்ட்டுல தேஞ்சிருந்தது. அதை மாத்தத்தான் அந்த மெக்கானிக் கை விட்டார்" என்றாள் கதவுக்காரி.

கொழுந்தனுக்கு அப்போதுதான் அண்ணியின் முகம் வெளியில் ஏன் அப்படி இருந்தது என்று புரிந்தது. எல்லா மெஷின்களும் ஒரே அச்சு. மழைக்காலத்திலிருந்து இந்த அறையில் லீட்டைத் தவிர யார் செய்து அனுப்பியிருந்தாலும் அது பழைய கருவியில் செய்ததுதான். ஒரு லிஃப்ட் மட்டும் இல்லை. இந்த நிமிஷமும் எங்கெங்கோ கதவுகள் மூடிக்கொண்டிருக்கின்றன. மூடப்போகும் கதவுக்குள் கையை நீட்டாத மனிதன் யார்? அவனே நீட்டுவான்.

எம்.டி.க்கும் புரிந்திருந்தது. கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார். குரல் தழைந்து, அன்பாக இருந்தது. அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் கேட்ட முதல் அன்பான குரல் அதுதான். கொழுந்தனுக்கு அதுதான் அருவருப்பாக இருந்தது.

"பாரும்மா கதவு. உன்மேல தப்பில்ல, ஒத்துக்கறேன். இன்ஸ்பெக்டர்கிட்ட மெஷின் கோளாறுன்னு சொல்லிக்கலாம். உன் பேரே வராது. உன் பழைய இடத்துக்கே போ. மத்ததை நாங்க ராத்திரியோட ராத்திரியா ஒவ்வொண்ணா, சத்தமில்லாம சரி பண்ணிக்கறோம். ஒரு மாசம், ரெண்டு மாசம். இது இந்த ரூமோட இருக்கட்டும்."

கதவுக்காரி அண்ணியைப் பார்த்தாள்.

"உன்னைக் காப்பாத்தச் சொன்னே" என்றாள் அண்ணி. "அது முடிஞ்சுது. இதுக்கு மேல நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

ஊரில் ஓடும் கம்பெனியின் எந்த லிஃப்ட்டையும் இருந்த இடத்திலேயே நிறுத்தக்கூடிய கன்ட்ரோல் ரூம் இரண்டு மாடி கீழே இருந்தது. லீட்டின் மேஜை போனிலிருந்து நேரடி இணைப்பு உண்டு. கதவுக்காரியின் கை போனை நோக்கிப் போனதும் லீட் அதை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். கொழுந்தன் போனுக்கும் அவருக்கும் நடுவில் மேஜைமேல் ஏறி உட்கார்ந்தான்.

"எழுந்திரிடா!"

"விசிட்டர்ஸுக்கு நாற்காலி இல்ல சார்."

"அந்த போனை எடுத்தா" என்றார் எம்.டி. அன்பு போன இடம் தெரியவில்லை. "இந்தத் தொழில்ல உனக்கு எங்கயும் வேலை கிடைக்காது. நான் பார்த்துக்கறேன்."

அவள் எடுத்துவிட்டாள். மறுமுனையில் ஒரு தூக்கக் கலக்கக் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"கன்ட்ரோல் ரூம்."

"கதவுல கோளாறு. நம்ம லிஃப்ட்டையெல்லாம் நிறுத்தணும். இப்பவே. உள்ள ஆள் இருந்தா பக்கத்து மாடியில இறக்கிட்டு, கதவைத் திறந்த நிலையிலயே நிறுத்துங்க."

"என்னது? விளையாடறீங்களா? யார் பேசறது? உங்க பேச்சைக் கேட்டு நான் எப்படிங்க நிறுத்தறது?"

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"மூணு விரலை எடுத்த கதவைச் செஞ்சவ பேசறேன். ஒரு வாரமா நீங்க எல்லாரும் திட்டிக்கிட்டு இருக்கீங்களே, அந்தப் பொண்ணு."

மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது. அந்தக் குரலில் இப்போது தூக்கம் இல்லை.

"எதை முதல்ல நிறுத்தணும்மா?"

"பிரசவ ஆஸ்பத்திரி" என்றாள் அவள். "அடுத்து பள்ளிக்கூடம். ரெண்டையும் நான்தான் செஞ்சேன்."